முன்னே போன விளக்கு

ரிங்லெட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டும் டெபோராவுக்கு யாரையும் உதவிக்குக் கூப்பிடும் பழக்கமே கிடையாது. தோட்டத்தில் அவள் ஒருத்திதான் பெண் டிரைவர். பொம்பளை கைக்கு ஸ்டியரிங் அடங்குமா என்று வாய் கிழியப் பேசிய தோட்டத்து ஆண்டியப்பன், இன்றைக்குத் தாப்பாவுக்குப் போவதென்றால் அவள் லோரியில்தான் இடம் கேட்பான். உதவிக்கென்று பக்கத்தில் உட்கார்ந்து வரும் கெலிண்டான் பையன் பாதி வழியிலேயே தூங்கி விழுவான். டயர் பஞ்சரானால்கூட அவனை எழுப்பமாட்டாள். தானே ஜாக்கி போட்டு மாற்றிவிட்டு, தாப்பா வந்ததும்தான் தட்டி எழுப்புவாள். கர்வம்தான், வேறென்ன?

மலைச்சாலையில் பனி இறங்கி ரோடு மறைந்துவிட்டால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிற காய்கறி லோரியின் பின்விளக்கை விடாமல் பிடித்துக்கொள்வது. அது திரும்பினால் திரும்புவது, நின்றால் நிற்பது. அவளுக்குப் பின்னால் வருகிறவன் அவள் விளக்கைப் பிடித்துக்கொள்வான். இப்படி ஒருவர் வாலை ஒருவர் பிடித்தே எத்தனையோ பேர் பள்ளத்தில் விழாமல் வீடு சேர்ந்திருக்கிறார்கள். அந்த வழக்கத்தை நம்பியே அவள் தன் தம்பியைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய் விட்டாள்.

தம்பி ரூபன் நடை பழகுவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். அப்பா இருந்தார், அவ்வளவுதான் சொல்லலாம். பால் ஆற்றிக் கொடுத்ததிலிருந்து பரீட்சைக்கு எழுப்பிவிட்டது வரை எல்லாம் அக்காதான். அப்படி வளர்த்தவன் தோட்டமும் வேண்டாம், மலையும் வேண்டாமென்று லுமூட்டில் படகுப் பட்டறைக்குப் போனபோது, மலையில் பிறந்தவனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்டு ஒரு வருடம் அவனோடு பேசாமல் இருந்தாள்.

போன வருடம் அவனுக்கு ஒரு பாய்மரப் படகைப் பினாங்கில் கொண்டுபோய் ஒப்படைக்கும் வேலை கிடைத்தது. கரையோரமாக ஒரு முழு இரவுப் பயணம். கூட வரவேண்டிய ஆள் டெங்கியில் படுத்துவிட்டான். பரவாயில்லை, தனியாகவே போய்விடுவேன் என்று ரூபன் போனில் சாதாரணமாகச் சொன்னான். அவள் அப்போதே தோட்ட ஆபீஸ் கிராணியிடம் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். படகைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவன் கடலில் தனியாக இருக்கக் கூடாது, அது மட்டும் தெரியும்.

பங்கோர் தீவு பின்னால் மறைந்ததும் காற்று ஓய்ந்துவிட்டது. ரூபன் பாயைச் சுருட்டிவிட்டு இன்ஜினைப் போட்டான். காம்பஸில் எந்த எண்ணை விடாமல் பிடிக்க வேண்டும், சுக்கானை எந்தப் பக்கம் தள்ளினால் படகு எந்தப் பக்கம் திரும்பும் என்று காட்டினான். பயணத்துக்குத் தயார் செய்வதிலேயே முந்தின இரவு முழுக்கத் தூங்காதவன். கண் சொருகியது.

"அக்கா, எதுலயாச்சும் டவுட் வந்தா என்னை எழுப்பு. டவுட் வரலனாலும் எழுப்புலா."

"லோரிக்காரிக்கே சொல்லிக் குடுக்கிறியா? போய்ப் படுடா."

அவன் உள்ளே போய்ப் படுத்த கொஞ்ச நேரத்தில் தூறல் பிடித்தது. கரையில் தெரிந்த விளக்குகள் ஒவ்வொன்றாக மழையில் மறைந்துபோயின. காம்பஸ் முள் ஆடிக்கொண்டே இருந்தது. அதையே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. ரோடு இல்லை, ஓரக்கல் இல்லை, நாலா பக்கமும் ஒரே இருட்டு. இப்படி ஒரு பயம் அவள் ஆயுளில் வந்ததில்லை. மாதாவே மாதாவே என்று வாய் முணுமுணுத்தது.

அப்போதுதான் முன்னால் ஒரு வெள்ளை விளக்கு தெரிந்தது. தாழ்வாக, அவள் போகும் திசையிலேயே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. டெபோராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வழி தெரிந்த எவனோ ஒருவன் முன்னால் போகிறான், இனி என்ன கவலை? அந்த வாலைப் பிடித்துக்கொண்டாள். விளக்கு வலது பக்கம் ஒதுங்கியது, அவளும் ஒதுங்கினாள். காம்பஸில் எண் மாறிவிட்டதைக் கவனிக்கத்தான் செய்தாள். தம்பியை எழுப்பலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உள்ளே அவன் குறட்டை கேட்டது. பாவம், தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இன்ஜின் முக்கி முனகி நின்றது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி படகு வெடுக்கென்று நின்றது. ரூபன் வெறுங்காலோடு ஓடி வந்து டார்ச் அடித்தான். படகின் பின்னால் தண்ணீரில் வரிசையாக வலை மிதவைகள். முன்னே போனது வலை போடுகிற படகு. பின்பக்கமாக வலையை இறக்கிக்கொண்டே போயிருக்கிறது. அதன் வாலைப் பிடித்தவள் நேராக வலைமேல் ஏறியிருக்கிறாள். புரொப்பெல்லர் முழுக்க வலை சுற்றிவிட்டது.

அவன் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கத்தியை எடுத்தான். விடியட்டுமே என்று கெஞ்சினாள். படகு திரும்ப முடியாமல் பின்பக்கத்தில் அலை வாங்கிக்கொண்டிருக்கிறது, உள்ளே தண்ணீர் ஏறிவிடும், விடியும்வரை தாங்காது என்றான்.

"ரெண்டு தடவ இழுத்தேன்னா தூக்கிடு."

முதல் தடவை போய் மூச்சுக்கு மேலே வந்தான். மறுபடி போய் ஒரு துண்டு வலையோடு வந்தான். அடுத்த தடவை போனவன் வரவில்லை. கயிறு ஒரே ஒரு முறை வெட்டி இழுத்து, அப்படியே விறைத்து நின்றது. ஒன்றுதானே, இரண்டில்லையே என்று ஒரு கணம் தடுமாறினாள். பிறகு யோசிக்கவில்லை. காலை உதைத்துக்கொண்டு, உள்ளங்கைத் தோல் உரிய உரிய இழுத்தாள். தலை வெளியே வந்தது. அதற்குமேல் வரவில்லை, காலில் வலை பின்னியிருந்தது. ஒவ்வோர் அலைக்கும் தலை முங்கி முங்கி எழுந்தது. ஐயோ என் புள்ள என்று கத்தினாள். தம்பி என்று சொல்ல அப்போது வாய் வரவில்லை.

அந்த விளக்கு திரும்பி வந்தது. மீன்பிடிக்கிற மலாய்க்காரக் கிழவர். இருட்டில் என் வலை மேலேதான் படகு ஓட்டுவாயா என்று மலாயில் கண்டபடி திட்டிக்கொண்டே குனிந்து, ரூபனின் காலைச் சுற்றியிருந்த தன் வலையைத் தானே அறுத்து, அவனைப் படகில் ஏற்றிவிட்டார். புரொப்பெல்லரில் மிச்சமிருந்ததையும் கொக்கிக் கழியால் இழுத்து அறுத்து எடுத்தார். அது முடியும்வரை திட்டுவதை நிறுத்தவில்லை. டெபோரா கைகூப்பியபடி நின்றாள்.

இன்ஜின் மறுபடி ஓடியது. போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவனிடம் சுக்கானைப் பிடிக்கச் சொன்னாள். எனக்கு இனி வேண்டாம், என்னை நம்பாதே என்று அழுதாள். ரூபன் அவள் கைகளில் துணியைச் சுற்றிக் கட்டி, சுக்கானில் கொண்டுபோய் வைத்தான்.

"எனக்குக் கை நடுங்குது. நீதான் ஓட்டணும்க்கா. காம்பஸைப் பாரு."

சொல்லிவிட்டு அவள் காலடியிலேயே சுருண்டு தூங்கிப்போனான். மழை விட்டிருந்தது. காம்பஸ் எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினாள். வெகு நேரம் கழித்து, கிழக்கே தாழ்வாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. டெபோரா அவன் தோளை உலுக்கினாள்.

"ரூபா, எந்திரி. ஒரு லைட்டு தெரியுது. என்னான்னு எனக்குத் தெரியல."

தெரியவில்லை என்று அவள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் எழுந்து பார்த்தான். விடிவெள்ளி. சிரிக்கவில்லை. வெள்ளிதான் அக்கா, ஓட்டு என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடினான்.

பினாங்கு போய்ச் சேருவதற்குள் இன்னும் பல தடவை அவனை எழுப்பினாள். சிலவற்றுக்குக் காரணம் இருந்தது. மற்றதெல்லாம் அவன் கண்ணைத் திறக்கிறானா என்று பார்ப்பதற்காக. ஒவ்வொரு தடவையும் திறந்தான்.