ஓட்டக்காரிக்குக் கல்லூரி பார்த்தோம், இரண்டு தடவை

இந்த நாட்டில் கல்லூரிதான் நம் வீட்டுக்குக் கடிதம் போடுகிறது. என் மகள் கவிதாவுக்குப் பதினேழு வயது. உயர்நிலைப் பள்ளியில் எண்ணூறு மீட்டர் ஓடுகிறாள். போன கோடையிலிருந்து எங்கள் தபால் பெட்டி மூட முடியாமல் கிடக்கிறது. வழவழவென்ற தாளில் பல்கலைக்கழகங்கள் அவளை 'மிஸ்' போட்டு அழைக்கின்றன, எங்களிடம் வந்து ஓடுங்கள் என்று. என் வீட்டுக்காரர் அந்தத் தாள்களைச் சமையலறை அலமாரியில் விரித்து அதன்மேல் பருப்பு டப்பாக்களை அடுக்கிவிட்டார். கடிதம் போதாதென்று பயிற்சியாளர் போனும் செய்வார். வாரத்துக்கு ஒரு தடவைதான் கூப்பிடலாமாம், அதற்கு விதி இருக்கிறதாம். முதல் தடவை போனை எடுத்தது நான். பல்கலைக்கழகத்திலிருந்து பேசுகிறேன், உங்கள் மகளைப் பற்றி என்றார். "என்ன தப்பு செய்தாள்?" என்று கேட்டேன். அவர் நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்து ரொம்ப நேரம் சிரித்தார். நான் வேடிக்கையாகக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் படிக்கிற இடத்திலிருந்து ஆள் தேடி வந்தால் பிள்ளை ஏதோ வம்பு செய்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இதை ஊரில் இருக்கும் உங்களுக்காகவும், என்னைப் போல இங்கே வந்து பிள்ளை வளர்ப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன். எனக்கு நயமாக எழுத வராது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் துண்டு மடிக்கிற வேலை எனக்கு. ஆனால் ஓடுகிற பெண்ணுக்குக் கல்லூரி பார்ப்பது எப்படி என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. எனக்கே ஒரு தடவை பார்த்தார்கள்.

எண்பதாம் வருடம். நான் ராஜபாளையத்தில் பள்ளி இறுதியில் இருந்தேன். அப்பாவுக்குச் சொந்த ஊர் மகாராஜபுரம். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வாட்ச்மேனாக இருந்தார். நான் விடியற்காலையில் தென்காசி ரோட்டில் ஓடுவேன். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவர்கள், "ஏட்டி, பஸ்ஸ விட்டுட்டியா? இங்கன ஏறிக்கோ" என்று கேலி செய்வார்கள். அந்த வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த பள்ளிகளுக்கான போட்டியில் எண்ணூறு, ஆயிரத்தைந்நூறு இரண்டிலும் முதலாவதாக வந்தேன். பார்க்க வந்திருந்த ஒரு மகளிர் கல்லூரியின் பி.டி. மேடம், கோடு தாண்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என்னை விட்டுவிட்டு நேராக அப்பாவிடம் போனார். "ஸ்போர்ட்ஸ் சீட்டு தாரோம். ஹாஸ்டல், மெஸ் எல்லாம் ஃப்ரீ. பி.ஏ. முடிக்கிறதுக்குள்ள ரயில்வேல வேலை வாங்கிருவா உங்க பிள்ள" என்றார். ரயில்வே என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா நிமிர்ந்து நின்றது இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. சல்யூட் அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை அப்பாவும் நானும் பஸ் ஏறிக் கல்லூரியைப் பார்க்கப் போனோம். அப்பா பட்டாளத்து இன்ஸ்பெக்‌ஷன் மாதிரியே பார்த்தார். காம்பவுண்டு சுவரின் உயரத்தைக் கையால் அளந்தார். கக்கூஸ் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்தார். மெஸ்ஸில் சாம்பாரை ஒரு கரண்டி வாங்கி நக்கிப் பார்த்தார்.

"கேட்டு எத்தன மணிக்குப் பூட்டுவீய?" என்று வார்டன் அம்மாளிடம் கேட்டார்.

"ஆறு மணிக்கு."

"சாவி யாருட்ட இருக்கும்?"

"எங்கிட்டதான். தூங்கும்போதும் இடுப்புலதான் இருக்கும்."

அப்பாவுக்குத் திருப்தி. பிறகு முதல்வர் அறையில் கண்ணாடி பீரோ முழுக்கக் கோப்பைகளைக் காட்டினார்கள். ஒரு சுழற்கேடயத்தில் வருடா வருடம் ஜெயித்த கல்லூரியின் பெயரைப் பொறித்திருந்தார்கள். ஓடி வாங்கிக் கொடுத்த பெண்களின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. திரும்பி வரும்போது, "அப்பா, கிரவுண்டப் பாக்கலயே" என்றேன். "கிரவுண்டு எங்க போயிரப் போவுது? ஓடுதவ நீயா, கிரவுண்டா?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நானும் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளையை வெளியூர் அனுப்புகிற அத்தனை பேரும் இதே தப்பைத்தான் செய்தார்கள். பூட்டைப் பார்த்தார்கள், சோற்றைப் பார்த்தார்கள். பிள்ளை எதற்காகப் போகிறாளோ அதைப் பார்க்கவில்லை.

அது மைதானமே இல்லை. மழைத் தண்ணீர் அரித்துப் போட்ட சரளை. கோடைக்கு அப்புறம் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். அதில் காலையும் மாலையும் வெறுங்காலோடு ஓடினோம். கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் கேடயம் புள்ளிக் கணக்கில் கிடைக்கும். ஒருத்தி மூன்று ஓட்டத்திலும் ஒரு தொடரோட்டத்திலும் இறங்கலாம். ஓடத் தெரிந்தவளை அத்தனையிலும் இறக்குவதுதான் வழக்கம். எல்லாக் கல்லூரியிலும் அதுதான் நடந்தது. எனக்கு ஒரு மாதமாகவே முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பில் வலி. மேடத்திடம் சொன்னேன். எண்ணெய் தேய்க்கச் சொன்னார். போட்டியின் இரண்டாவது நாள், மூன்றாவது ஓட்டம் முடிந்ததும் காலை ஊன்ற முடியவில்லை. மேடம் ஸ்பிரே அடித்து, பேண்டேஜைச் சுற்றி இறுக்கிக்கொண்டே சொன்னார்: "ஏட்டி தனம், ரிலே மட்டுந்தான் பாக்கி. செத்த நேரம் பல்லக் கடிச்சிக்கோ. பொறவு காலம் பூரா படுத்துக்கிடலாம்."

பாதி தூரத்தில் எலும்பு முறிந்தது. சத்தம் எனக்குக் கேட்டது. ஒற்றைக் காலில் தத்திப் போய் அடுத்தவள் கையில் கட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் விழுந்தேன். அந்தப் புள்ளியில் கேடயம் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு எடுத்த போட்டோவில் நான் இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தேன். கட்டுப் பிரித்த பிறகும் கால் சரியாகச் சேரவில்லை. வருடக் கடைசியில், விளையாட்டுச் சீட்டில் இனித் தொடர முடியாது என்று வீட்டுக்குக் கடிதம் போனது. அந்தச் சீட்டுக்கு அடுத்த பெண்ணை அதற்குள் பார்த்து வைத்திருந்தார்கள். அவளையும் அதே கக்கூஸ் தாழ்ப்பாளைக் காட்டித்தான் சேர்த்திருப்பார்கள்.

என்னை அழைத்துப் போக அப்பா வந்தார். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குறுக்கு வழியாக நடந்தபோதுதான் முதல் முறையாக அந்த மைதானத்தைப் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார். குனிந்து தரையைத் தட்டினார். ஒரு கல்லை எடுத்துக் கையில் உருட்டினார்.

"இதுலயாட்டி ஓடுன?"

"ஆமாப்பா."

"எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

பெட்டியை மறுபடி தூக்கிக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறும்போது காபி வாங்கிக் கொடுத்தார். அப்புறம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் எனக்கு வேலை கிடைத்தது. உட்கார்ந்து செய்கிற வேலை, நொண்டிக்குத் தோது என்றார்கள். கொஞ்ச மாதத்தில் கல்யாணம், அடுத்த வருடம் கவிதா. தொண்ணூறில், இங்கே இருந்த கொழுந்தனார் விசாவுக்கு எழுதிப் போட்டு நாங்கள் வட கரோலினாவுக்கு வந்தோம். கேஸ்டோனியா என்ற ஊர். இங்கேயும் நூற்பாலைகள்தான். என் வீட்டுக்காரர் ஒன்றில் ஃபிட்டர். ஊரில் கேட்ட அதே இரைச்சலை இங்கே டாலருக்குக் கேட்கிறார்.

இந்த அக்டோபரில் கவிதாவுக்குப் பிடித்த பல்கலைக்கழகத்தைப் பார்க்க மூன்று பேரும் காரில் போனோம். அவள் இரண்டு பக்கத்துக்குக் கேள்விகள் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். வாரத்துக்கு எத்தனை மைல், வருடத்துக்கு எத்தனை போட்டி, வகுப்பைத் தவறவிட்டால் யார் சொல்லிக் கொடுப்பார்கள், கூட ஓடுகிறவர்களில் எத்தனை பேர் பட்டம் வாங்குகிறார்கள். பயிற்சியாளர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். நல்ல மனிதர்தான். என் வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கூடம் எங்கே என்று கேட்டார். நான் ஓடுதளத்துக்குப் போய்க் குனிந்து கையை வைத்து அழுத்தினேன். சிவப்பு ரப்பர், விரல் அமுங்கியது. கை எடுக்க மனம் வரவில்லை. கொஞ்சம் அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

பிறகு பயிற்சியாளரிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்: "இங்கே கால் ஒடிந்த பெண் யார்? அவளைப் பார்க்கணும்."

அவர் முகம் மாறிவிட்டது. உள்ளே போய் ஓர் அம்மாவைக் கூட்டிவந்தார். அந்த அம்மா சிரித்த முகமாகக் காப்பீட்டுப் புத்தகத்தை விரித்து, அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு, ஸ்கேனுக்கு எவ்வளவு என்று காட்டினார். செலவு வேண்டாம், பெண்ணைக் காட்டுங்கள் என்றேன். அது அவரவர் அந்தரங்கம், சொல்லக் கூடாது என்றார். நான் வழக்குப் போட ஆதாரம் தேடுகிறேன் என்று பயந்திருப்பார்கள் போல. "ஏன்ட்டி மானத்த வாங்குத?" என்றார் என் வீட்டுக்காரர்.

பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு நானே தேடினேன். சிகிச்சை அறையில் காலில், எலும்பு முறிவுக்குப் போடுகிற பெரிய பிளாஸ்டிக் பூட்ஸ் மாட்டிய ஒரு பெண் தனியாக உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். மெலிசா என்று பெயர். நான் பக்கத்தில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தேன், அது என் தொழில். புதிதாக வேலைக்கு வந்தவள் என்று நினைத்துக்கொண்டு, "ரொம்ப வேகமாக மடிக்கிறீர்கள்" என்றாள். என் காலைக் காட்டி, உனக்கு எங்கே என்று சைகையில் கேட்டேன். அதே இடத்தைத் தொட்டாள். அடுத்த வருடம் என்ன செய்வாய் என்றேன். ஓடுகிறவர்களுக்கு உதவித்தொகையை வருடா வருடம்தான் கொடுப்பார்களாம், அவளுக்குப் புதுப்பிக்கவில்லையாம், வீட்டுக்குப் பக்கத்தில் சின்னக் கல்லூரிக்குப் போகிறாளாம். "கோச் ரொம்ப நல்லவர். என்னிடம் சொல்லும்போது அழுதுவிட்டார்" என்றாள்.

எங்கள் மேடம் அழவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான் என்று தோன்றியது. ரப்பர் தரை, ஸ்கேன், காப்பீடு, கண்ணீர் எல்லாம் இருக்கிறது. கடைசியில் இங்கேயும் அடுத்த பெண்தான்.

திரும்பி வந்து பயிற்சியாளரிடம் நேராகக் கேட்டேன். கால் போனாலும் நாலு வருடமும் படிக்க வைப்பேன் என்று எழுதித் தருவீர்களா? அவர் என் கண்ணைப் பார்த்து, "முடியாது, ஒவ்வொரு வருடமாகத்தான்" என்றார். பொய் சொல்லவில்லை, அது ஒன்று. கவிதாவைத் தள்ளிக் கூட்டிப் போய் மெலிசாவைப் பற்றிச் சொன்னேன்.

"ஸ்காலர்ஷிப் வருஷா வருஷம்தான்னு தெரியும்மா. நேத்து போன்லயே கோச்கிட்ட கேட்டுட்டேன். அது என் லிஸ்ட்ல முதல் கேள்வி."

"தெரிஞ்சுமாடி போற?"

"உங்களுக்கு யாரும் சொல்லல. எனக்குச் சொல்லிட்டாங்க. வலிச்சா நான் நிப்பேன்மா. ரிலேயாவது மண்ணாவது."

பதினெட்டு ஆகாததால் உதவித்தொகைப் பத்திரத்தில் அவள் கையெழுத்துக்குக் கீழே நவம்பரில் எங்கள் கையெழுத்தும் வேண்டும். போடாமல் இருக்கலாம். போடாமல் அவளை எந்தத் தறியில் உட்கார வைப்பேன்?

கிளம்பும் முன் பயிற்சியாளர் எங்களை உள்ளே ஒரு வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். சுவரில் நீளமாக ஒரு பலகை. ஓடுகிற ஒவ்வொருத்தியின் பெயரும் சொந்த ஊரும் எழுதிய பட்டைகள், சொருகி எடுக்கிற மாதிரி. எங்கள் கேடயத்தில் இல்லாத பெயர்கள் இங்கே இருந்தன. நடுவில் ஓர் இடம் காலி. வந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கட்டும் என்று கவிதாவின் பெயரில் ஒரு பட்டை தயாராக வைத்திருந்தார். ஊர் மட்டும் எழுதவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "சொந்த ஊர் எது?" என்று கேட்டார்.

கவிதா என்னைப் பார்த்தாள். "ராஜபாளையம்னு போடச் சொல்லட்டுமாம்மா?" ஏழு வயதில் அங்கிருந்து வந்தவள். என்னைச் சந்தோஷப்படுத்த நினைக்கிறாள் என்று தெரிந்தது.

"வேண்டாம். கேஸ்டோனியான்னு போடச் சொல்லு."

அவள் முகம் விழுந்துவிட்டது. ஊர்ப் பெயரைச் சொல்ல நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்திருப்பாள். நாங்கள் இந்த ஊர்க்காரர்கள் ஆகிவிட்டோம் என்று பயிற்சியாளருக்கு ஒரே சந்தோஷம், என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ராஜபாளையம் எனக்கு எதுவும் செய்யவில்லை, என் காலை ஒடித்துத் திருப்பி அனுப்பியபோது ஏன் என்று கேட்க அங்கே ஒரு நாதி இல்லை. இருந்தாலும் நாளைக்கு யாரோ ஒருவர் அழுதுகொண்டே இந்தப் பட்டையை உருவும்போது, உருவிப் போடுகிற ஊர்ப் பெயர் என் ஊருடையதாக இருக்க வேண்டாம், கேஸ்டோனியாவாக இருக்கட்டும். அவர் பட்டையை அந்தக் காலி இடத்தில் தள்ளினார். அது சத்தமில்லாமல் உள்ளே போய்ப் பொருந்தியது. என் மகள் அதன் முன்னால் நின்று இன்னோர் ஊர்க்காரியாகப் போட்டோ எடுத்துக்கொண்டாள். நானும் பக்கத்தில் வந்து நிற்க வேண்டுமாம். நின்றேன்.