கெரியர் பூட்டிய கார்பன் சைக்கிள்

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு என் மருந்து வரவேண்டும். பதினொன்றரையாகியும் வரவில்லை. வேலுச்சாமி மாஸ்டரை எப்படி ஏசுவது என்று வாசலில் நின்று வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பண்டாரவளை மருந்துக்கடைக்கார நானா தொலைபேசியில் அழைத்தார்.

"டீச்சர், மாஸ்டர் தூக்கத்திலேயே மோசம் போயிட்டாராம், உசிரு இல்லயாம். ஒங்க மருந்து இங்கதான் இருக்கு."

அடுக்கிய வாக்கியங்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. முன்னறிவிப்பில்லாமல் எதையும் செய்வது அவர் வழக்கம்.

அவரிடம் கணிதம் படித்து, இன்று இந்த நினைவு மலரைப் போடும் உங்களுக்கு அவருடைய இரும்புச் சைக்கிளைத் தெரியும். என் கணவர் காலமான பிறகு என் மருந்தும் பாண் ரொட்டியும் அதன் பின் கெரியரில்தான் வந்தன. இரண்டு வருடங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த மாஸ்டரின் மகன் தினேஷ், அப்பாவுக்குப் புதிய கார்பன் பிரேம் போட்ட பந்தயச் சைக்கிள் ஒன்றைப் பெட்டியில் கொண்டுவந்தான். அங்கே அவனுக்குச் சைக்கிள் கடையில் வேலை. "ஓட்டிப் பாத்து உள்ளத உள்ளபடி எழுதி அனுப்புங்கப்பா" என்று சொல்லிப் போனான். மாஸ்டர் ஒரு குறிப்பேட்டில் எழுதினார். எழுதியதைத் திருத்த என்னிடம் கொண்டுவந்தார். அந்தத் தலைவலி எட்டு மாதம் நீடித்தது.

"பறப்பது போல் இருக்கிறது" என்று முதல் நாள் எழுதியிருந்தார். கோடு போட்டு அடித்தேன். "நீங்கள் எப்போது பறந்தீர்கள், மாஸ்டர்?" என்று கேட்டேன். மறுநாள் ஒழுங்காக எழுதினார்: பூனாகலை ஏற்றத்தில் மிதிக்கும் மிதி வீணாகாமல் சக்கரத்துக்குப் போகிறது, பிரேம் கொஞ்சமும் நெளியவில்லை, உடைந்த தாரில் அதிர்வு கைக்கு வருமுன் பாதி அடங்கிவிடுகிறது, ஆனால் பள்ளத்துப் பக்கமிருந்து காற்று அடித்தால் முன்சக்கரம் தள்ளாடுகிறது, ஹேண்டில் தாழ்வு, கழுத்து வலிக்கிறது. எழுதாமல் வாயால் சொன்னது இதைவிட நன்றாக இருந்தது.

"இரும்பு நம்ம சொல்றத யோசிச்சுத்தான் கேக்கும், டீச்சர். இது சொல்லி முடிக்கிறதுக்குள்ள போயிருது."

எனக்குப் பொறுக்கவில்லை. அவருக்குப் புதிய சைக்கிள் வந்த நாளிலிருந்து என் பாண் சட்டைக்குள் செருகி வந்தது, நசுங்கி, வியர்வையோடு. கன்னியர் மடத்தில் படித்தவள் நான். அப்படி வந்த பாணை உண்ண முடியாது.

"கெரியர் இல்லாதது என்ன சைக்கிள், மாஸ்டர்? நாளைக்கு மருந்தைப் பல்லுல கடிச்சிக்கிட்டு வருவீங்களா?"

"இதுல பூட்டக் கூடாதுங்க. இறுக்கினா கார்பன் தாங்காதுன்னு மகன் சொல்லியிருக்கான்."

"மகன் எங்கேயோ இருக்கிறான். பாண் சாப்பிடுறது நான்."

அடுத்த வாரம் கெரியர் வந்தது. நம் ஊரில் எதையும் ஆடாமல் பூட்டுவது ஒரு கௌரவம். கராஜ்காரர் இரும்புப் பட்டி போட்டுத் தன் பலம் முழுவதையும் காட்டியிருந்தார். எனக்குத் திருப்தி. பாண் பாணாக வந்தது. ஒரு மாதத்தில் குறிப்பேட்டில், "ஏற்றத்தில் பின்னால் மெல்லிய சத்தம்" என்று ஒரு வரி. பிறகு, பட்டி கவ்விய இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு. பிரேமில் வெடிப்பு விழுந்துவிட்டது.

மகனிடம் அவர் சொன்னது என் வீட்டு வராந்தாவில் இருந்துதான். ஸ்பீக்கரைப் போட்டுப் பேசுவார், ஊருக்கே கேட்கும். கழற்றிய கெரியர் என் காலடியில் கிடந்தது.

"பூனாகலை ரோட்டுல கல்லுல ஏத்திட்டேன், தம்பி."

"எத்தன தடவ சொன்னேன் பாத்து ஓட்டுங்கன்னு. ஒங்களுக்கு இரும்புதாம்பா சரி."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு மகனிடமிருந்து ஞாயிறுதோறும் வந்த அழைப்பு மாதத்துக்கு ஒன்றானது. பிறகு பண்டிகைக்கு மட்டும். ஏன் பொய் சொன்னீர்கள் என்று ஒருநாள் கோபமாகவே கேட்டேன்.

"கல்லு மேல பழியப் போட்டா கல்லு ஒண்ணும் சொல்லாதுங்க, டீச்சர்."

என்னைக் கேட்காமல் என்னைக் காப்பாற்ற இவருக்கு யார் அனுமதி கொடுத்தது? அவருடைய இந்தக் குணத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உண்மையை நானே தினேஷுக்கு எழுதியிருக்கலாம். இரண்டு வரி. மற்றவர்களின் பிழையைத் திருத்தியே பழகிய கைக்கு அந்த இரண்டு வரி வரவில்லை.

இறுதிக் கிரியைக்குத் தினேஷ் வந்திருந்தான். சுவரில் சாய்த்திருந்த இரும்புச் சைக்கிளைத் தொட்டுக்கொண்டு, "அப்பா எப்பவும் பாத்து ஓட்ட மாட்டாரு" என்று யாரிடமோ சொன்னான். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். கூட்டம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகவே இங்கே எழுதுகிறேன். தினேஷ், உன் அப்பா கல்லில் ஏற்றவில்லை. நாற்பது வருடமாக அந்த ரோட்டில் ஒவ்வொரு கல்லையும் விலக்கி ஓட்டியவர். நீ வேண்டாமென்ற கெரியரைப் பூட்டச் சொன்னது நான். அவருடைய குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், "இறக்கத்தில் பயமாக இருக்கிறது, ஆனால் இறங்க மனமில்லை" என்று எழுதியிருக்கிறார். முரண்பாடு என்று சிவப்பு மையில் அடித்திருக்கிறேன். அந்தக் கோட்டைப் பொருட்படுத்தாமல் படி. விமானம் ஏறுமுன் வந்து வாங்கிக்கொள்.

கெரியரை மட்டும் தரமாட்டேன். அது நான் கேட்டு வாங்கியது.