பவுனே தோ இஞ்சு

இந்த ஊரில் ஒன்றே முக்கால் என்று யாரும் சொல்வதில்லை. 'பவுனே தோ' என்கிறார்கள். இரண்டுக்குக் கால் குறைவு என்று அர்த்தம். நாம் ஒன்றில் நின்று முக்காலைக் கூட்டுகிறோம். இவர்கள் இரண்டில் நின்று காலைக் கழிக்கிறார்கள். தாராவிக்கு வந்து இருபத்தெட்டு வருடம் ஆகியும், போன மழைக்காலம் வரை எனக்கு இது தெரியாது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. காய்கறி வண்டியில் 'பாவுன் கிலோ' என்றால் முக்கால் கிலோ போடுவார்கள். அதை வைத்து, 'பவுனே' என்று எங்கே காதில் விழுந்தாலும் கூட முக்கால் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நானாக முடிவு செய்திருந்தேன். மணி சொல்வதற்கும் இதே வார்த்தைதான், ஆனால் யாரிடமும் மணி கேட்கும் அவசியம் எனக்கு வந்ததில்லை. ரயில் நேரத்தை இங்கே ஒன்று நாற்பத்தேழு, ஒன்று ஐம்பத்திரண்டு என்று நிமிடத்தோடு சொல்லிவிடுவார்கள். புரியாத இடங்களில் 'ஹாங், ஹாங்' என்று தலையாட்டிச் சமாளித்துவிடுவேன்.

நான் வேலை பார்ப்பது தகடு மடிக்கும் பட்டறையில். முதலாளி மீரான் பாய், திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். சுவிட்ச் பெட்டி, மீட்டர் பெட்டி, கடைகளுக்கு அலமாரி என்று எது கேட்டாலும் செய்து கொடுப்போம். தகட்டில் அளவெடுத்துக் கோடு போடுவது என் வேலை. கோட்டின் மேல் வைத்து மிஷினில் மடிக்கிற 'பெண்டிங்' சிவ்நாத்தின் வேலை. பீகார்க்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும். நான்கு வருடம் என் எதிரில் நின்று வேலை செய்தவன். என்னை 'அண்ணா' என்பான். அவனுக்குத் தமிழ் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜூன் மாதம் செம்பூரிலிருந்து மானசி என்ற மராத்திப் பெண் வந்தாள். வீடு கட்டுவதற்கு முன்பே அதன் உள்ளறைகளைக் கம்ப்யூட்டரில் படமாகச் செய்து, கட்டுகிறவர்களுக்குக் கொடுக்கிற தொழில். கைப்பையிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டு சோப்பு டப்பாவைச் சேர்த்து வைத்த அளவுதான். படங்கள் வேகமாக வர வேண்டுமென்றால் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், அதற்கு இதன் உள்ளே இடமில்லை. அதனால் கார்டையும், அதற்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையையும் வெளியே தனியாக ஒரு பெட்டியில் வைத்து, ஒரு கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைக்க வேண்டும். கடையில் விற்கும் பெட்டி பெரிது. அவள் வீட்டில் சாப்பாட்டு மேசையும் வேலை மேசையும் ஒன்றுதான். சுவர் அலமாரியில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நுழையும்படி ஒரு பெட்டி வேண்டும். அவளைப் போலவே வீட்டிலிருந்து இந்த வேலை செய்யும் ஐந்து பேருக்கும் சேர்த்து, மொத்தம் ஆறு.

எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. இத்தனை வருடம் நான் செய்த பெட்டிகள் எல்லாம் எதையாவது மூடி வைக்கத்தான். இது மூச்சு விட வேண்டிய பெட்டி. கார்டு சூடாகும், காற்று கீழே நுழைந்து மேலே போக வேண்டும். முதலில் அட்டைப் பெட்டியைக் கிழித்து ஒரு மாதிரி செய்தேன். நடுவில் ஒரு தடுப்பு. ஒரு பக்கம் கார்டு நிற்கும், மறுபக்கம் பவர் சப்ளை. மொத்த அகலம் நாலே முக்கால் இஞ்சு, அதற்கு மேல் அலமாரியில் நுழையாது. மானசி வரைந்து கொடுத்த படத்தில் பெட்டியின் வெளி அளவெல்லாம் இருந்தது, தடுப்பு எங்கே வரும் என்பது மட்டும் இல்லை. கார்டு இன்னும் அவள் கைக்கு வரவில்லை. வந்ததும் அளந்து போனில் சொல்வதாகச் சொல்லிப் போனாள்.

சொன்னாள். பட்டறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. "பையா, கார்ட் கே லியே பவுனே தோ இஞ்ச் ஜகா ரக்னா." அண்ணா, கார்டுக்கு ஒன்றே முக்கால் இஞ்சு இடம் வை என்று அர்த்தம். நான் எடுத்துக்கொண்டது ரெண்டே முக்கால். எனக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. இவ்வளவு தடியாக இருக்குமா கார்டு என்று தோன்றியது. திரும்பக் கேட்டிருக்கலாம். "ஹாங், ஹாங்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வந்த புதிதில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஒரு வார்த்தையை இரண்டு தடவை திருப்பிக் கேட்டதற்கு, கடைக்காரன் உள்ளே இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு, நான் பேசியதைப் போலவே பேசிக் காட்டினான். அன்று வாங்கப் போனதை வாங்காமல் திரும்பினேன். அதன் பிறகு நான் யாரையும் திரும்பச் சொல்லச் சொன்னதில்லை. அந்தக் கடை இப்போது இல்லை. நான் மட்டும் இன்னும் அதன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன் போலிருக்கிறது.

மாதிரித் தகட்டில் ரெண்டே முக்கால் என்று மார்க்கரால் எழுதி, கோடு போட்டேன். முதல் பெட்டியை மடிக்கும்போதே சிவ்நாத் கையை நிறுத்தினான். "அண்ணா, இதர் ஜ்யாதா சௌடா நஹீ லக் ரஹா?" இந்தப் பக்கம் அகலம் அதிகமாகத் தெரியவில்லையா என்று கேட்டான். "மார்க் ஜைஸா ஹை வைஸா மோட்" என்றேன். கோடு இருக்கிறபடி மடி. அவன் மடித்தான். ஆறும் மடித்து, ஓட்டை போட்டு, கறுப்புப் பவுடர் கோட்டிங்கும் முடிந்து வந்தது.

மானசி கார்டைப் பூத்துவாலையில் சுற்றி எடுத்து வந்தாள். கார்டு உள்ளே போய் லொடலொடவென்று ஆடியது. மறுபக்கம் பவர் சப்ளை நுழையவே இல்லை. இரண்டரை இஞ்சுப் பொருளுக்கு இரண்டு இஞ்சுதான் மிச்சம் இருந்தது. ஒரு தடவை மடித்த தகட்டை நிமிர்த்தி மறுபடி மடித்தால் மடிப்பில் வெடித்துவிடும். ஆறும் பழைய இரும்புக்குத்தான் போக வேண்டும்.

"மை தோ பவுனே தோ போலி தீ" என்றாள் அவள், நான் பவுனே தோ என்றுதானே சொன்னேன் என்று. கோபப்படவில்லை, வாடிப்போய்ச் சொன்னாள். அந்த வாரம் அவள் ஒரு பெரிய வேலையை ஒப்புக்கொண்டிருந்தாள்.

மீரான் பாய் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். "எங்க வே தப்பு?"

சிவ்நாத் மிஷின் பக்கத்தில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னது இதுதான்: "பெண்டிங்ல கொஞ்சம் எடம் மாறிப்போச்சு மொதலாளி."

அவ்வளவுதான் சொன்னேன். யார் பெயரையும் சொல்லவில்லை. மீரான் பாய் ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்துக் கீழே வைத்தார். பிறகு இந்தியில், சிவ்நாத்திடம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவன் ஏன் என்று கேட்கவில்லை. தன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "க்யா ஹுவா அண்ணா?" என்றான், என்ன ஆச்சு என்று. "குச் நஹீ" என்றேன். ஒன்றுமில்லை.

மானசிதான் எனக்கு இஞ்சு டேப்பை நீட்டிப் பிடித்து, இரண்டில் விரல் வைத்து, பின்னால் கால் இஞ்சு நகர்த்திக் காட்டினாள். "யே பவுனே தோ." சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, ஆனால் சிரிக்காமல். ஐந்து நாளில் ஆறு பெட்டியையும் புதிதாகச் செய்தேன். மிஷினிலும் நானே நின்றேன். கார்டின் கீழ்ப்புறம் தகட்டில் படாமல் பிளாஸ்டிக் தாள் ஒட்டினேன். ஓட்டைகளின் பிசிறை ஒவ்வொன்றாக அரத்தால் ராவினேன். உதறினால் ஒரு தூள்கூட விழக் கூடாது என்று பார்த்துக்கொண்டேன். அவள் தன் கம்ப்யூட்டரையும் கொண்டுவந்த ஒரு சின்னத் திரையையும் அங்கேயே மாட்டி ஓடவிட்டாள். விசிறி சுற்றியது. திரையில் யாரோ வாங்கப்போகும் ஒரு சமையலறை, ஜன்னல் வெளிச்சத்தோடு தயங்காமல் சுற்றிச் சுற்றி வந்தது. "ஃபினிஷிங் ஏக் நம்பர், பையா" என்றாள், முதல் தரம் என்று. நான் மிஷின் பக்கம் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

மூன்று வாரம் பொறுத்தேன். ஒருநாள் மதியம் மீரான் பாய் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்ததும், "மொதலாளி, அன்னைக்கு மார்க்தான் தப்பு. எந் தப்பு" என்றேன்.

அவர் தொப்பியை மடித்துப் பைக்குள் வைத்தார். "தெரியும் வே."

"தெரியுமா?"

"மாதிரித் தகட்டுல உம்ம கையெழுத்துல ரெண்டே முக்கால்னு கொட்டையா கெடக்கு. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"பின்ன ஏன் அவன..."

"அந்தப் பொண்ணு முன்னால யாரையாவது அனுப்பணும்லா. நம்ம ஊர்க்காரன விட்டுக்குடுக்கச் சொல்லுதீரா? இருபது வருசமா எங்கூட இருக்கீரு. அவன் இன்னைக்கு இங்க, நாளைக்கு எங்கயோ. போயி வேலயப் பாரும்."

அவர் என்னைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்தார். முதல் பட்டறை மூடிப்போய், போக இடமில்லாமல் நின்றபோது, 'நம்ம ஊர்ப்பய' என்ற ஒரே காரணத்துக்காக, ஒன்றும் விசாரிக்காமல் என்னைச் சேர்த்துக்கொண்ட மனுஷன் அவர். அன்று அந்தச் சொல் எவ்வளவு இனித்தது. அதே சொல் ஒருவனை வெளியே தள்ளும்போது உள்ளே நின்றுகொண்டிருந்தது நான்.

சிவ்நாத் கல்யாண் என்ற ஊரில் கேட், கிரில் செய்யும் ஒரு கடையில் இருப்பதாகப் பவுடர் கோட்டிங்காரர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அங்கே ஞாயிறும் வேலை நாள்தான். வெயிலில் உட்கார்ந்து வெல்டிங் கசட்டைத் தட்டிக்கொண்டிருந்தான். மடிக்கிற வேலை அங்கே இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "ஆவோ அண்ணா" என்று ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டான். டீ சொன்னான். நான் உட்காராமலே, என் உடைந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். பவுனே தோவை நான் தப்பாகப் புரிந்துகொண்டது, அவன் கேட்டும் கேளாமல் மடிக்கச் சொன்னது, முதலாளியிடம் சொன்ன பொய்.

அவன் முழுவதும் கேட்டான். "தமிழ் மே க்யா போலா தா? வோஹீ போலோ" என்றான். அன்று தமிழில் சொன்னதை அப்படியே சொல்லச் சொன்னான்.

சொன்னேன். பெண்டிங்ல கொஞ்சம் எடம் மாறிப்போச்சு மொதலாளி.

"இஸ்மே மேரா நாம் தோ ஹை ஹீ நஹீ." இதில் என் பெயரே இல்லையே என்று சிரித்தான். பிறகு சிரிப்பு போனது. 'பெண்டிங்' என்ற ஒரு வார்த்தை அன்றே தனக்குப் புரிந்துவிட்டது என்றான். "உத்னா தமிழ் காஃபி தா, அண்ணா." அந்த அளவுத் தமிழே போதுமாக இருந்தது. நான் உண்மையைச் சொல்வேனா என்று பார்ப்பதற்காகத்தான் கிளம்பும்போது என்னிடம் வந்து கேட்டானாம்.

முதலாளியிடம் மறுபடி பேசுகிறேன், திரும்பி வா என்றேன். தலையாட்டி மறுத்தான். "வஹா ஆப் லோக் ஹோ" என்றான். அங்கே நீங்கள் இருக்கிறீர்கள். நீங்கள் என்று அவன் சொன்னது என் ஒருவனை அல்ல. டீ வந்தது. குடித்து முடிக்கும் வரை கூடவே இருந்தான், பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலைக்குக் குனிந்தான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. கேட்கும் தைரியம் எனக்கும் இல்லை.

கல்யாண் ஸ்டேஷனில் தெற்கிலிருந்து ஒரு வண்டி வந்து நின்றிருந்தது. ஒரு குடும்பம், புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், மூட்டை முடிச்சோடு தாதர் லோக்கலைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிய தமிழே போதும், எந்த ஊர்ப்பக்கம் என்று தெரிந்தது. வழி சொன்னேன். "நம்ம ஊரா அண்ணாச்சி?" என்று அவர் முகம் மலர்ந்தது. ஒரு மூட்டையை நான் தூக்கிக்கொண்டேன். அவர்கள் எனக்கு முன்னால் ஏறி மூன்று பேர் உட்காரும் சீட்டைப் பிடித்தார்கள். பிள்ளைகளை மடியில் வைத்து, ஜன்னலோரத்தில் எனக்காக ஒரு பையையும் வைத்தார்கள். கையில் கொத்துக்கரண்டியோடு, சட்டையில் சிமெண்ட் காய்ந்திருந்த ஒருவர் அங்கே உட்கார வந்தபோது அந்த அம்மாள் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "ஆளு இருக்கு, ஆளு இருக்கு" என்றாள் தமிழிலேயே. அவர் புரிந்துகொண்டு ஒதுங்கினார். அதற்கும் தமிழ் தேவைப்படவில்லை.

"வாங்க அண்ணாச்சி, ஒக்காருங்க" என்றார் புருஷன்.

நான் பையை எடுத்து அந்த அம்மாளின் காலடியில் வைத்தேன். கொத்துக்கரண்டிக்காரரிடம் "பைட்டோ பையா" என்றேன், உட்காருங்கள் என்று. அவர் அவர்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சீட்டின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடுகிறவர் போல உட்கார்ந்தார். அந்த அம்மாளின் முகம் சுருங்கியது. அவர்கள் பக்கமும் இல்லாமல், அவர் பக்கமும் இல்லாமல், நான் இறங்க வேண்டிய சயான் வரும் வரை வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தேன்.