வலது பக்கச் சீட்

விமானத்தை இறக்க எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டவை எல்லாம் அதைவிடச் சின்ன வேலைகள்தான். பத்தாவதைப் பாதியில் விட்டேன். திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டினேன், கோவாவில் ஓட்டல் அறைகளில் படுக்கை விரித்தேன், இப்போது ஒரு பொருட்காட்சிக்காரரோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறேன். போகிற இடத்திலெல்லாம், நான் ஏரோப்ளேன் ஓட்டியவள் என்று ஒருமுறையாவது சொல்லிவிடுவேன். யாரும் நம்புவதில்லை. அதனால் எனக்கு நஷ்டமும் இல்லை.

எங்கள் வீடு மல்லசமுத்திரத்துக்குப் பக்கம். வீட்டை ஒட்டி ஒரு தறி ஷெட். தறிகளை எடைக்குப் போட்ட பிறகு அது காலியாகக் கிடந்தது. அதில்தான் சித்தப்பா விமானம் கட்டினார். முழு விமானம் இல்லை, பைலட்டுகள் உட்காரும் மூக்குப் பகுதி மட்டும். சங்ககிரியில் பழைய லாரி உடைக்கிற இடத்திலிருந்து இரண்டு சீட்டுகளும் கிளட்ச், பிரேக் மிதிகளும் வந்தன. இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடிகள், போர்வெல் போடும் ரிக்கு வண்டியிலிருந்து கழற்றியவை. கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிறவரிடம் தகடு வாங்கி வந்து, ஓட்டை போட்டு, நெற்றிக்கு மேலே வரிசை வரிசையாக சுவிட்ச் பொருத்தினார். பழைய கம்ப்யூட்டர் கீபோர்டுகளைப் பிரித்து, உள்ளே இருந்த பலகையை எடுத்து, ஒவ்வொரு சுவிட்சையும் ஒவ்வொரு எழுத்தோடு ஒயரால் கட்டினார். முன்னால் மூன்று டிவி; கம்ப்யூட்டரில் ஓடும் விமான விளையாட்டின் வானமும் தரையும் அவற்றில் தெரியும். இரண்டு பைலட்டுக்கும் இரண்டு ஸ்டீரிங். சைக்கிள் செயின் போட்டு இணைத்திருந்ததால் ஒன்றைத் திருப்பினால் மற்றதும் தானாகத் திரும்பும். முன்னும் பின்னும் தள்ளினாலும் அப்படியே.

ஓடாத வண்டிக்கு எதற்கடா இத்தனை மீட்டர் என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஓடாதது என்பதுதான் அதன் பெருமை என்று அப்போது சொல்ல எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா அதற்குமுன் ரிக்கு வண்டியை மத்தியப் பிரதேசம் வரை ஓட்டிக்கொண்டு போனவர். அங்கே வலிப்பு வந்தது. இனி வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்ல, ஊர் திரும்பி, திருச்செங்கோட்டுப் பட்டறை ஒன்றில் ஒயரிங் வேலைக்குச் சேர்ந்தார். மாத்திரையில் நோய் பெரும்பாலும் அடங்கியே இருந்தது. எனக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டில் அதை 'மயக்கம்' என்பார்கள். வெளியில் அதையும் சொல்ல மாட்டார்கள்.

இடது சீட் கேப்டனுடையது, அதாவது சித்தப்பாவுடையது. வலது சீட் என்னுடையது. தினமும் சாயங்காலம் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ ஏறி சேலத்தில் இறங்குவோம். நிஜத்தில் சேலத்து ஓடுதளத்துக்குச் சின்ன விமானம்தான் வரும். எங்களுடையது நூற்றெண்பது பேர் ஏறுவது. அதையே நான் அங்கே இறக்குவேன்.

இறக்கக் கற்றுத்தரும் முன்பே அவர் இன்னொன்றைக் கற்றுத்தந்தார். கேப்டன் விழுந்துவிட்டால் என்ன செய்வது? பேசிக்கொண்டே இருந்து திடீரென்று விறைத்துக்கொள்வார். நான் "ஐ ஹேவ் கன்ட்ரோல்", அதாவது இனி என் பொறுப்பு, என்று உரக்கச் சொல்ல வேண்டும். அவர் சீட்டுக்கு ஒரு லீவர் உண்டு. அது என் பக்கம் இருந்தது. இழுத்தால் சீட் தண்டவாளத்தில் பின்னுக்கு ஓடிச் சாய்ந்துவிடும். உதறும்போது பிடித்து அமுக்கக்கூடாது. வாயிலோ கையிலோ எதையும் திணிக்கக்கூடாது. உதறல் நின்றதும் தரையில் சரித்து ஒருக்களித்துப் படுக்க வைத்து, காலர் பட்டனைக் கழற்றி, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். சொன்ன நேரத்துக்குள் எழாவிட்டால் அம்மாவைக் கூப்பிட வேண்டும்.

"அதுக்குள்ள ஏரோப்ளேன் கீழ உழுந்துருமுங்களே, சித்தப்பா?"

"உழுந்தா உழுகட்டும் அம்மிணி. மறுக்கா ஏத்திக்கலாம். மொதல்ல கேப்டனப் பாரு."

உண்மையான பைலட்டுகளுக்கு நேர் எதிராகத்தான் சொல்லித்தருவார்கள் என்று பல வருஷம் கழித்து ரயிலில் ஒருவர் எனக்கு விளக்கினார். அவரோடு நான் வாதாடவில்லை.

அந்த வருஷம் சித்தப்பாவுக்குப் பெண் பார்த்தார்கள். சங்ககிரியில் லாரி வைத்திருப்பவரின் மகள். பெண்ணைப் பார்த்தாகிவிட்டது, பிடித்துவிட்டது. இனி பெண்ணின் அப்பாவும் அம்மாவும் எங்கள் வீடு பார்க்க வர வேண்டும். அதற்கு முன்பே வந்த இரண்டு இடம் 'மயக்கம்' காதில் விழுந்ததும் நின்றுபோயிருந்தது. இதுவும் போனால் அவ்வளவுதான் என்று அம்மா அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கல்யாணம் ஆகட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்" என்றார் அப்பா.

"மறைச்சுக் கட்டறதுக்குக் கட்டாமயே இருந்துக்கலாமுங்ணா" என்றார் சித்தப்பா.

"நீ வாயத் தொறக்காத, போதும்."

விமானத்தின்மேல் லாரிப் படுதாவைப் போட்டு மூடினார்கள். அவர்கள் காலையில் காரில் வந்தார்கள். அம்மா காப்பி நீட்ட, பேச்சு முடியட்டும் என்று பெண்ணின் அம்மா புன்னகையோடு தண்ணீர் மட்டும் வாங்கிக்கொண்டார். பெண்ணின் அப்பா கிணறு, தென்னை, கூரை என்று எல்லாவற்றையும் டயரைத் தட்டிப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார்.

"படுதாவுக்குள்ள என்னங்க, காருங்களா?"

அப்பா பதில் தேடுவதற்குள் நான் சொல்லிவிட்டேன். "ஏரோப்ளேனுங்க."

அவர் சிரித்தார். படுதாவை எடுத்ததும் சிரிப்பு நின்றது. சுற்றி வந்தார். உள்ளே தலையை விட்டு ரிக்கு கைப்பிடியை அடையாளம் கண்டுகொண்டார். "ஹாரன் எங்கீங்க மாப்ள?"

"மேல யாருக்குங்க அடிக்கறது?" என்றார் சித்தப்பா.

மாப்ள என்று கேட்டதில் அப்பாவுக்கு உயிர் வந்துவிட்டது. "ஒரு சுத்துக் காட்டுடா" என்றார் அவரே. பெண்ணின் அப்பா எங்களுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார். பெண்ணின் அம்மா ஷெட் வாசலில் நின்றார்.

கோயம்புத்தூரில் ஏறினோம். அருமையாகப் போயிற்று. சேலம் கண்ணுக்குத் தெரிந்ததும் சித்தப்பா, "இப்ப சக்கரத்த எறக்கறோமுங்க, அது எறங்குனதும்" என்று சொல்லிப் பாதியில் நிறுத்தினார். கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியது. உடம்பு விறைத்து ஸ்டீரிங்கின்மேல் சாய்ந்தது. செயின் இழுக்க, என் ஸ்டீரிங்கும் முன்னுக்குப் போனது. டிவியில் வயல்கள் மேலேறி வந்தன.

"ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்றேன். லீவரை இழுத்தேன். சீட் பின்னால் ஓடியது. ஸ்டூலோடு ஒதுங்கிய பெண்ணின் அப்பா, சித்தப்பா உதறுவதைப் பார்த்ததும் மடியிலிருந்து லாரிச் சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் திணிக்கப் போனார்.

"சாவி வேண்டாமுங்க. கேப்டன் கையில ஒண்ணுங் குடுக்கக் கூடாது. தள்ளி நில்லுங்க."

அவர் தள்ளி நின்றார். அப்பா ஓடிவந்து சித்தப்பாவின் காலைப் பிடித்து அமுக்க, அவரையும் அதட்டினேன். விமானம் ஓமலூர்ப் பக்கம் எங்கோ குத்தி, மூன்று டிவியும் சிவந்தன. உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், பட்டனைக் கழற்றினேன், கடிகாரத்தைப் பார்த்தேன். சொன்ன நேரத்துக்குள்ளேயே கண் திறந்தார். ஒத்திகையைவிட இந்த முறை ரொம்ப நன்றாக நடித்தார் என்று நினைத்தேன். ஈரமாகியிருந்த வேட்டி மட்டும் எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

பெரியவர்கள் களத்துக்குப் போய்விட்டார்கள். "எங்க புள்ளையக் கெணத்துல தள்ளப் பாத்தீங்களே" என்று பெண்ணின் அப்பா குரல் உயர்ந்தது. சித்தப்பா தள்ளாடி எழுந்து போய், "நாஞ் சொல்லியிருக்கோணுமுங்க. தப்பு என்னோடதுதான்" என்றார்.

விமானத்தை விழவிட்டதால்தான் இத்தனை கோபம் என்று எனக்குத் தோன்றியது. ஓடிப்போய், "இன்னொருக்கா ஏத்தி எறக்கிக் காட்டறேனுங்க" என்றேன். பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தார்.

"எறக்கறது கெடக்கட்டும் சாமி. அவரு விழுந்ததும் என்ன பண்ணுன, அத ஒருக்கா எனக்குக் காட்டு. மெதுவாக் காட்டு."

அவரையே கேப்டன் சீட்டில் உட்கார வைத்து, லீவரை இழுத்து, தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்துக் காட்டினேன். பட்டுச்சேலையோடு சிமெண்ட் தரையில் படுத்துக்கொண்டே கேள்விமேல் கேள்வி கேட்டார். எந்தப் பக்கம் சாய்க்கோணும்? தண்ணி குடுக்கலாமா? பக்கத்துல வேற ஆளில்லீன்னா ஒரு பொம்பளப்புள்ளையால தனியாச் சமாளிக்க முடியுமா?

"நானே பண்றனுங்க. பயப்படாம இருந்தாப் போதும்."

"அவ பயப்பட மாட்டா" என்றார், யாருக்கோ சொல்வதுபோல.

எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு வெளியே போனார். தன் கணவரை ஒதுக்கமாக அழைத்து வெகுநேரம் பேசினார். கடைசியில் அந்த அம்மா சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது: "அவளக் கூட்டியாந்து இந்தப் புள்ளகிட்ட உடறேன். கத்துக்கட்டும். அப்பறம் சம்மதமான்னு அவளே சொல்லட்டும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை நாள் பழகியவள் நான் இருக்க, விமானத்தையே பார்த்திராத யாரையோ கூட்டிவந்து என் இடத்தில் உட்கார வைக்கப் போகிறார்கள். அவர்கள் கார் கிளம்பியதும் ஷெட்டுக்குப் போனேன். வலது சீட்டின் பெல்ட்டை என் இடுப்பு அளவுக்கு இறுக்கி, வேறு யாராலும் அவிழ்க்க முடியாதபடி முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டு வைத்தேன்.