பளிச் அக்காவும் கழுவக் கூடாத ஸ்பாஞ்சும்

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பளிச் அக்கா என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது, ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆபரேஷன் முடிந்து ரத்தமும் பிசுக்குமாக வரும் கத்திரி, இடுக்கி, கிண்ணம் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, நீராவிப் பெட்டியில் வேகவைத்து, துணியில் பொட்டலம் கட்டி அனுப்புவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கட்டிய பொட்டலம் ஒன்றுகூட ‘சரியில்லை’ என்று திரும்பி வந்தது கிடையாது. பெரிய பெரிய டாக்டர்களே அவளிடம் கொஞ்சம் அடக்கித்தான் வாசிப்பார்கள். அப்பேர்ப்பட்ட கை வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? அவள் வீட்டுக் குழாயில் முகம் பார்த்துத் தலை சீவலாம். வந்தவர்கள் உட்காரவே யோசிப்பார்கள்.

அவள் கைக்கு அடங்காத ஒரே விஷயம் கணவரின் காது. தகரம் அடிக்கும் பிரஸ் மெஷின் முன்னால் முப்பது வருஷம் நின்ற மனிதர். அந்த மெஷின் சம்பளமும் கொடுத்தது, காதையும் வாங்கிக்கொண்டது. போனால் போகட்டும், ஒப்புக்கொள்ளவாவது வேண்டுமே!

“எனக்கென்ன, நல்லாத்தானே கேக்குது. நீதான் வாய்க்குள்ளயே பேசுற” என்பார். காது மிஷின் என்று ஆரம்பித்தாலே எழுந்து பின்னறைக்குப் போய்விடுவார். எதிரில் யார் என்ன சொன்னாலும் ஒரு தலையாட்டு, ஒரு சிரிப்பு. அதிலேயே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. ஒருமுறை மகள் போனில், குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்று அழுதுகொண்டே சொல்ல, அதற்கும் இவர் சிரித்திருக்கிறார். “அப்பா சிரிக்கிறாரும்மா” என்று மகள் அவளிடம் சொன்னாள்.

அவள் அவரை ‘என்னங்க’ என்றுதான் கூப்பிடுவாள். முன்பெல்லாம் அடுப்படியிலிருந்து ஒரு ‘என்னங்க’ போதும், தெருமுனையில் நிற்கிறவர் திரும்பிப் பார்ப்பார். இப்போது நாலு ‘என்னங்க’ போட்டும் நடக்கவில்லை. பின்னறை விளக்கின் ஸ்விட்ச் கூடத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று. அதை இரண்டு தடவை அணைத்துப் போட்டால் சாப்பிட வருவார். சாப்பிட்டதும் மறுபடி பின்னறை. டிவியும் வேண்டாம், அக்கம்பக்கமும் வேண்டாம்.

இந்த மனிதரை எப்படியாவது கூடத்துக்கு இழுத்துவர வேண்டும் என்று அவள் தவித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான், ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் அந்தக் காகிதம் கண்ணில் பட்டது. மூன்றடி மீன் தொட்டி, மூடி, விளக்கு, ஃபில்டர், ஏழு தங்கமீன்கள். வாத்தியார் ஒருவர் சின்ன வீட்டுக்குக் குடிபோகிறார், நன்றாகப் பார்த்துக்கொள்பவர்களுக்கு மட்டும் தருவாராம். மீன் பேசாது, யாரும் அதோடு பேசவும் வேண்டாம். காதுக்கு வேலையே இல்லாத டிவி. அவளுக்கு உடனே மனசில் விழுந்துவிட்டது.

அன்றைக்கு அவளுக்கு வேலை இருந்தது. அவரே லோடு ஆட்டோ வைத்துக்கொண்டு போய் எடுத்துவந்தார். வாத்தியார் அரைமணி நேரம் நின்று ஏதேதோ சொல்லி அனுப்பினாராம். “என்ன சொன்னாரு?” என்று அவள் வாயை நன்றாகத் திறந்து கேட்டாள்.

“நல்லா பாத்துக்கச் சொன்னாரு” என்றார்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. மீன்களைப் பழைய தண்ணீரோடு பெரிய வாளியில் விட்டு, காற்றுக்குழாயைப் போட்டுவிட்டு, தொட்டியை முற்றத்தில் இறக்கினாள். கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. வினிகரை ஊற்றித் தேய்த்தாள். கூழாங்கற்களை அண்டாவில் போட்டு வேகவைத்தாள். கடைசியாக ஃபில்டரைத் திறந்தால், உள்ளே ஒரு ஸ்பாஞ்சு! காபி நிறம், வழவழப்பு, குளத்துச் சேறு போல ஒரு வாடை. “இதையா இத்தனை நாள் தண்ணிக்குள்ள போட்டு வச்சிருந்தாரு? ஒரு வாத்தியாரு செய்யிற காரியமா இது?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, வெந்நீரில் பிழிந்து, ஏழு தண்ணீர் மாற்றி அலசினாள். வெயிலில் காய்ந்த பிறகு அந்த ஸ்பாஞ்சு கடையில் வாங்கியதுபோல் மஞ்சளாக இருந்தது.

தொட்டியைக் கூடத்தில் வைத்து, தண்ணீர் நிரப்பி, ஒருநாள் விட்டு மீன்களை விட்டார்கள். விளக்கைப் போட்டதும் வீடே மாறிப்போனது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். முதுகில் வெள்ளைத் திட்டோடு ஒரு குண்டு மீன், மற்றவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தது.

“இது எங்க சூப்பர்வைசரேதான். ஒரு வேலையும் செய்யாது. எல்லார் பின்னாடியும் போய் நின்னு பாக்கும்” என்றார்.

அவராகவே வாயைத் திறந்து ஒரு கிண்டல் செய்து எத்தனை மாதமாயிற்று! அவள் அடுப்படிக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாலு நாள் அவர் பின்னறைப் பக்கமே போகவில்லை. விளக்கை அணைத்துப் போடும் வேலையும் இல்லாமல் போயிற்று.

ஐந்தாம் நாள் காலையில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்தபோது ஒன்று மிதந்துகொண்டிருந்தது. மறுநாள் இரண்டு. சூப்பர்வைசர் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. அவர் நாற்காலியில் இல்லை. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அடுப்படியிலிருந்து வாத்தியாருக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

“ஸ்பாஞ்சைக் கழுவிட்டீங்களாம்மா?”

“பின்ன? அவ்வளவு அழுக்கு சார் அதுல!”

“அது அழுக்கு இல்லம்மா. கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க. மீனோட கழிவு விஷமா மாறும், அதை அந்தக் கிருமிங்கதான் தின்னு தீர்க்கும். அதுங்க இல்லன்னா மீனு தன் கழிவுலயே சாகும்.”

கிருமியைக் கொன்றே சோறு தின்றவளிடம் நல்ல கிருமி என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்?  வாத்தியார் விடவில்லை. “எதைக் கழுவினாலும் அதை மட்டும் கழுவாதீங்கன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட ரெண்டு தடவை சொன்னேனே. அவரும் நல்லா தலையாட்டினாரே!”

தினம் கால்வாசித் தண்ணீரை மாற்றச் சொன்னார், ஒருநாள் பிடித்து வைத்த தண்ணீராக இருக்க வேண்டும் என்றார். தன்னிடம் மிச்சமிருக்கும் சின்னத் தொட்டியில் அந்தக் கிருமி ஏறிய ஒரு பழைய ஸ்பாஞ்சு இருக்கிறது, நாளைக்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

போனை வைத்ததும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை, ‘கேக்கல’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று உயிர் போயிருக்குமா? நேராகப் பின்னறைக்குப் போய்க் கிழித்துவிட வேண்டும் என்று கூடம் வரை வந்தாள். ஸ்விட்சில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஆரம்பத்தில் அவர் கேட்கத்தான் செய்தார். “என்ன? என்ன சொன்ன?” என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். ஒரு தடவை சொல்வாள், இரண்டாம் தடவை கத்துவாள், மூன்றாம் தடவை “ஒண்ணுமில்ல, விடுங்க” என்பாள். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்தவளுக்கு அதற்குமேல் தெம்பு இல்லை, அது உண்மைதான். ஆனால் எத்தனை ‘ஒண்ணுமில்ல’! மாதக்கணக்கில் அதையே கேட்ட மனிதர் ஒருநாள் ‘என்ன?’ என்பதையே விட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் இந்தத் தலையாட்டு வந்தது. அதை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

விளக்கை அணைத்துப் போடவில்லை. உள்ளே போய், அவர் எதிரில் உட்கார்ந்து, முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

“நான் ஸ்பாஞ்சைக் கழுவிட்டேன். அதனாலதான் மீன் செத்துச்சு. என் தப்புதான். நாளைக்கு வாத்தியார் வீட்டுக்குப் போகணும், கூட வாங்க.”

தலையாட்டும் இல்லை, சிரிப்பும் இல்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “சரி” என்றார்.

மறுநாள் மூடிபோட்ட வாளியோடு இரண்டு பேரும் போனார்கள். வாத்தியாரின் புது வீடு இரண்டாம் மாடியில், கட்டிலும் புத்தக மூட்டையுமாக நடக்க இடமில்லாமல் கிடந்தது. ஜன்னலோரம் சின்னத் தொட்டி. வாத்தியார் முதுகைக் காட்டிக் குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே, ஸ்பாஞ்சை எப்படி வைக்க வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் பேசியது பாதி தண்ணீருக்குள்ளும் பாதி மீசைக்குள்ளும் போயிற்று. கணவரின் தலை மெல்ல ஆட ஆரம்பித்ததை அவள் பார்த்தாள்.

அவளே ‘இவருக்குக் காது கேக்காது சார்’ என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பாதியில் அந்தத் தலை நின்றது.

“சார்” என்றார் அவர். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. “நீங்க சொல்றது எனக்குக் கேக்கல.”

வாத்தியார் திரும்பினார்.

“காது கேக்காது சார் எனக்கு. அன்னைக்கும் கேக்கல. கேட்ட மாதிரி தலையாட்டிட்டுப் போயிட்டேன். இவ மேல தப்பு இல்ல. திருப்பிச் சொல்லுங்க, என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.”

வாத்தியார் கையில் ஸ்பாஞ்சு சொட்டிக்கொண்டிருந்தது. நாற்பது வருஷம் பாடம் நடத்தியவர் அல்லவா, அடுத்த நிமிஷமே எதிரில் வந்து நின்று வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். “மாசம் ஒருதரம் எடுங்க. தொட்டித் தண்ணியிலயே லேசா பிழிங்க. குழாய்த் தண்ணி படக் கூடாது. கழுவவே கூடாது.”

அவர் வாத்தியாரின் உதட்டைப் பார்த்து ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். மாசம் ஒருதரம். தொட்டித் தண்ணி. குழாய்த் தண்ணி கூடாது. எல்லாம் சரியாக வந்தது. பிறகு சேறு நாறும் அந்த ஸ்பாஞ்சை இரண்டு கையாலும் வாங்கி, வாளித் தண்ணீரில் விட்டுவிட்டு, மனைவி பக்கம் திரும்பினார்.

“கழுவவே கூடாதாம். கேட்டுச்சா?”

அவள் தலையாட்டினாள்.