காதுக்குள்ள விழுந்த சபாஷ்

எனக்குப் பொறாமை. வேற நல்ல வார்த்தை தேடிப் பிரயோஜனமில்ல. கட்டின பொண்டாட்டி மேலயே பொறாமை.

கல்யாணமானதுலேர்ந்து பைக்கை நான்தான் ஓட்டுவேன், அவ பின்னாடி உக்காருவா. போன வருசம் கியர் வண்டி பழகினா. அதுலேர்ந்து ‘நான் ஓட்டவா, நான் ஓட்டவா’ன்னு ஒரே நச்சரிப்பு. புதுக்கோட்டையில பைக் ஓட்டுறவங்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சின்னு கேள்விப்பட்டு ரெண்டு பேர் பேரையும் குடுத்தேன். “கோச் யாரை நல்லா ஓட்டுறாங்கன்னு சொல்றாரோ, இனிமே அவங்கதான் நம்ம வண்டியை ஓட்டணும், சரியா?”ன்னேன். வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன்.

பயிற்சிக்கு ஆளுக்கொரு வண்டி, ஹெல்மெட்டுக்குள்ள ஸ்பீக்கர். ஆலங்குடி ரோட்டுல நான் முன்னாடி, அவ நடுவுல, கடைசியா கோச். அவர் யாருகிட்டப் பேசினாலும் ரெண்டு பேர் காதுலயும் விழும்.

“சூப்பர் சிஸ்டர்! வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சீங்க பாருங்க, அதுதான் சரி.” கொஞ்சம் தள்ளி ரோட்டுல நெல் காயப்போட்டிருந்தாங்க. “அழகா ஒதுங்கினீங்க சிஸ்டர்!” அட, அதே நெல்லுக்கு நானுந்தானேய்யா ஒதுங்கினேன்? எனக்கு ஒரு சபாஷ் கிடையாதா?

எனக்குக் கிடைச்சது ஒண்ணே ஒண்ணு. “அண்ணே, கை!”

எந்தக் கைன்னு எனக்கே புரியல. முந்திரித் தோப்பை ஒட்டி அய்யனார் கோயில் வந்துச்சு. “அண்ணே, மறுபடியும் கை!” அப்பத்தான் பாத்தேன். வலது கை ஆக்ஸிலேட்டரை விட்டுட்டு உதட்டுக்கும் நெஞ்சுக்கும் போய்க்கிட்டிருக்கு. எங்க பக்கத்துல கோயிலைக் கண்டா யாரு கை சும்மா இருக்கும்? பிள்ளையார், கருப்பர், மாரியாத்தா, வழி நெடுக அத்தனை சாமிக்கும் ஒத்தக் கையிலதான் ஓட்டியிருக்கேன்.

டீக்கடையில நிறுத்தினதும் அவகிட்டக் கேட்டேன். “ஏன், நீ சாமி கும்பிடலையா?”

“மனசுக்குள்ள கும்பிட்டேங்க.”

யாரு நல்லா ஓட்டினதுன்னு கோச்சைக் கேட்டேன். அவர் சுத்தி வளைக்கல. டீயை உறிஞ்சிக்கிட்டே, “சந்தேகமே இல்லண்ணே, சிஸ்டர்தான்” அப்படின்னாரு.

புதுக்கோட்டைக்குத் திரும்பிப் பயிற்சி வண்டிகளை ஒப்படைச்சோம். எங்க வண்டிச் சாவியை அவ கையில குடுத்தேன். குடுக்க மனசே இல்ல. அவ ஸ்டார்ட் பண்ணிட்டுத் திரும்பிப் பாத்தா. “ஏறுங்க. பின்னாடி உக்காந்து இனிமே ரெண்டு கையாலயும் நல்லாக் கும்பிட்டுக்கிட்டு வாங்க.” அதுக்குக் கோச் வேற சிரிக்கிறாரு.

எங்க வீடு ஆலங்குடியில. வழியில அதே அய்யனார். ரெண்டு கையையும் தூக்கி மனசாரக் கும்பிட்டேன். ‘அப்பா அய்யனாரே, கடைத்தெருவுல நாலு பேர் பாக்க ஒரே ஒரு தடவை இவ வண்டி ஆஃப் ஆகணும்.’

கடைத்தெரு வந்துச்சு. ஆஃப் ஆகல.