வீட்டுக்குப் போட்ட கரிவட்டங்கள்

ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவன் புது வீட்டில் கால் வைத்ததும் சாமி படம் மாட்ட மாட்டான், ஓட்டையைத் தேடுவான். காலி செய்யும் நாளில் கங்காணி வந்து பலகை பலகையாகத் தட்டிப் பார்ப்பார். உடைந்ததெல்லாம் நம் தலையில்தான் விடியும். நான் பிறப்பதற்கு முன்பே உடைந்த கதவுக்காக என் அப்பாவின் சம்பளத்தில் பிடித்தார்கள். குடிபோகிற அன்றே குறைகளைச் சாட்சி வைத்துக் காட்டிவிட வேண்டும் என்பது அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் செமிலிங் பக்கத்துத் தோட்டத்தை விட்டு பீடோங்குக்கு ஓடி வந்தேன். போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு லயத்தில் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டவுனில் வீடும் வேலையும் உள்ளவனைத் தொடமாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, புதுப் பெண்டாட்டியோடும் ஒரு தகரப் பெட்டியோடும் வந்து சேர்ந்தேன். மளிகைக்கடை பாய் ஒருவர் மூட்டை தூக்கும் வேலையும், கடைக்குப் பின்னால் ஒரு பலகை வீடும் கொடுத்தார்.

"வீட்ட இருந்தபடியே திருப்பிக் குடுக்கணும் தம்பி. ஒரு பலக உடைஞ்சாலும் நீ வெளிய லா!"

அந்த 'வெளிய'வில் எனக்கு ரயில் கூவியது.

எழுதி வைக்கக் காகிதம் ஏது அப்போது? அடுப்புக்கரியை எடுத்தேன். கரையான் தின்ற தூணில் ஒரு வட்டம். கொக்கி இல்லாத ஜன்னலில் ஒரு வட்டம். கூரை ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே தரையில் ஒரு வட்டம். ஒவ்வொன்றுக்கும் பாயை இழுத்து வந்து, "பாத்துக்குங்க பாய், இது நான் பண்ணல" என்றேன்.

"நீ வீடு பாக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? மூக்கு சப்ப, பல்லு தூக்கல்னு சொல்லிக்கிட்டு!" என்று சிரித்தார் பாய்.

"ஏங்க, வீட்டுக்கு அம்ம போட்ட மாதிரி இருக்கு. போதும்" என்றாள் என் பெண்டாட்டி.

எனக்குப் போதவில்லை. பின்சுவர் இரட்டைப் பலகை. அதில் ஒன்று வெளியே உப்பியிருந்தது. தட்டினால் சத்தம் அடைத்துக்கொண்டு வந்தது.

"அத விடு. மழையில ஊறினது" என்றார் பாய். சிரிப்பு நின்றிருந்தது.

புத்தியுள்ளவன் விட்டிருப்பான். நான் விடவில்லை. வீட்டுக்காரரே விடு என்கிறார் என்றால், நாளைக்கு இதில்தானே என்னை மாட்டப் போகிறார்! மற்றதையெல்லாம்விடப் பெரிதாக, அந்தப் பலகையில் இரண்டு வட்டம் போட்டேன்.

சில வாரம் கழித்து ஜப்பான் சிப்பாய்கள் பதுக்கல் அரிசி தேடி வந்தார்கள். கடையைக் கிளறிவிட்டு என் வீட்டுக்குள் நுழைந்தார்கள். அவர்களோடு வந்த மொழிபெயர்ப்பாளன் மலாயில் கேட்டான், "இது என்ன அடையாளம்?"

"ரோசாக் துவான், எல்லாம் ரோசாக்." எல்லாம் கெட்டுப்போனது ஐயா என்று சொல்லி, ஒவ்வொரு வட்டமாகக் காட்டினேன். காட்டியதோடு விட்டேனா? பயத்தில் ஒவ்வொரு வட்டத்துக்கும் இடுப்பு வளையக் குனிந்து ஜப்பான் கும்பிடு வேறு போட்டேன். தூணைக் கும்பிட்டேன், ஜன்னலைக் கும்பிட்டேன். கடைசியில் அந்தப் பின்சுவரையும் கும்பிட்டேன். சிப்பாய் ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உப்பிய பலகையில் துப்பாக்கிக் கத்தியைச் செருகினான்.

அரிசி கொட்டியது. நாங்கள் மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருந்த காலத்தில், என் தலைமாட்டிலிருந்து வெள்ளை அரிசி கொட்டியது.

முதல் அறை எனக்குத்தான் விழுந்தது. கையைப் பின்னால் முறுக்கினார்கள். சயாம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அப்போது கடையிலிருந்து பாய் ஓடி வந்தார்.

"அரிசி என்னோடது துவான். ஒளிச்சு வச்சவன் அதுக்கு வட்டம் போடுவானா? இவன் போடோ."

போடோ என்றால் அடிமுட்டாள். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, வட்டத்தைப் பார்த்துச் சொன்னார். என்னை விட்டார்கள். பாயைக் கொண்டுபோனார்கள். சயாமுக்கு அனுப்பியதாகப் பிறகு சேதி வந்தது.

பாயின் மனைவி கடையை நடத்தினார். மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று என்னை வைத்துக்கொண்டார். ஜப்பான்காரன் போனான். சயாமுக்குப் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். பாய் வரவில்லை.

வீட்டைக் காலி செய்த அன்று தேங்காய் நாரால் வட்டங்களையெல்லாம் தேய்த்து அழித்தேன். பின்சுவரில் அழிக்க ஒன்றுமில்லை, சிப்பாய்கள் பெயர்த்ததில் அந்தப் பலகையே இல்லை. பழக்க தோஷம், வாசலில் கைகட்டி நின்றேன். அந்தம்மா வந்தார். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு பலகையைக்கூடத் தட்டிப் பார்க்கவில்லை.

தட்டியிருக்கலாம்.